நாலடி போதும் என்றாய்

என் வசந்திக்கு,

நீ கேட்ட நீச்சல் குளம் வரப்போகிறது. நீ கண்மூடிய பின் ஒன்பது மாதம் அதன் வரைபடத்தை நான் திறக்கவே இல்லை. டெக்சாஸில், பிளானோ ஊரில் நம் வீட்டுப் பின்பக்கம் கையகல இடம்தான். அதில் நாலு பேர் இறங்கி நீந்தும் குட்டிக் குளம், பக்கத்தில் கல் பதித்த பேட்டியோ முற்றம், ஓரத்தில் நீ மீன் வறுக்க ஒரு வெளி அடுப்பு. வீட்டுக் கார்பெட்டில் மீன் வாசம் போகவில்லை என்று நான் முணுமுணுத்ததற்கு நீ கண்டுபிடித்த வழி அது. அடுப்பை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இனி அதில் யார் வறுப்பது?

நேற்று குளத்தை வரைந்த டிசைனர் ஐபேடோடு வந்தார். அடுத்த வாரம் நகராட்சி பெர்மிட்டுக்கு அனுப்புகிறாராம். "நாலடி ஆழம்தானா, இப்போது எல்லாரும் ஐந்தரை கேட்கிறார்களே" என்றார். காலேஜ் லீவுக்கு வந்திருக்கும் நம் நிலா சட்டென்று திரும்பினாள்.

"அப்பா, அம்மாதானே ஸ்கேர்டு? நவ் வி கேன் கோ டீப்பர்."

எனக்குச் சுருக்கென்றது. நீ இருந்தபோது, இதே மேஜையில் இதே டிசைனர் ஆழம் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எனக்குத் தண்ணின்னா பயம். நாலடி போதும்." கல்லூரியில் நீச்சல் போட்டிக்கெல்லாம் போனவள் நீ. கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஹோட்டல் குளத்திலும் நீ இறங்கியதில்லை. காலை நனைத்துக்கொண்டு என்னோடு ஓரமாக உட்கார்ந்துவிடுவாய். நிலா பார்த்து வளர்ந்தது அதைத்தான். உனக்கு ஒரு நாளாவது ஆசையாக இருந்ததா? நான் கேட்டதே இல்லை.

"அம்மாவுக்குப் பயமே கிடையாதும்மா. நல்லா நீந்துவா. பயம் எனக்குத்தான். என் மானம் போகக் கூடாதுன்னு அத அவ தன் தலையில போட்டுக்கிட்டா" என்றேன்.

டிசைனர் ஒன்றும் புரியாமல் ஐபேடைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  நிலா, "ஷி நெவர் டோல்ட் மி" என்றாள். கோபமா, அழுகையா? இரண்டும்தான் போலிருக்கிறது.

ஐந்தரை அடி என்று சொல்லிவிட்டேன். என் உயரத்துக்கு மூக்கு வரை வரும். நிலா கற்றுத்தருகிறாளாம். 

நீச்சல் வருமோ வராதோ, ஒன்று மட்டும் சத்தியம். இனி யார் கேட்டாலும் சொல்வேன்: என் மனைவி நன்றாக நீந்துவாள்.

உன் பயந்தாங்கொள்ளிப் புருஷன்,
ரகு