நீலச்சிறகியின் எச்சம்

ஜனவரி 8, புதன்

இன்றும் அணைக்கரையில் சந்தியாதான் முதலில். நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் எச்சத்தைக் குழாயில் எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டாள். கச்சிராயபாளையத்தில் பிறந்தவள் நான். கோமுகி என் அணை. இவள் சென்னையிலிருந்து வந்து, என் வீட்டிலேயே தங்கி, என் அம்மா கையால் தின்றுவிட்டு, எனக்கு முன்னால் என் வாத்துகளிடம் போய் நிற்கிறாள்.

என் வாத்துகளாம்! சைபீரியாவிலிருந்து வருகிற நீலச்சிறகிகள். அவற்றின் குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் இருவரின் ஆராய்ச்சியும். ஒரே லேப், ஒரே சார், ஒரே பறவை. ஆனால் மார்ச்சில் கோவைக் கருத்தரங்குக்கு ஒருத்திதான் போகலாம். "யார் ரிசல்ட் நல்லா இருக்கோ அவங்க வாங்கம்மா" என்று அரங்கநாதன் சார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சிரிப்பார்.

ஜனவரி 10

அவள் தட்டில் இரண்டு முட்டை. என் தட்டில் ஒன்று.

"அந்தப் பொண்ணு இன்னா அழகா பேசுது பாரு. நீயும் இருக்கியே, எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு!" என்கிறாள் அம்மா. வயிறு எரிகிறது. என் குடலில்தான் ஏதோ பாக்டீரியா புகுந்திருக்கிறது.

ஜனவரி 18

எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் அரைமணி நேரம் தொலைநோக்கியில் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரே இனம்தான் நிற்கிறது என்று உறுதியாக வேண்டும். அவை தாமாக எழும்பிப் போன பிறகுதான் அந்த இடத்தில் ஈரம் காயாத எச்சத்தை எடுக்கலாம். சந்தியா அந்த அரைமணியை விரதம்போல் கடைப்பிடிப்பாள்.

இன்று அவள் போர்வைக்குள் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். கிழக்குக் கரையில் பறவை எதுவும் இல்லை. எச்சம் மட்டும் புதிதாக, வேண்டிய மட்டும் கிடந்தது. வாத்து எச்சம்தான், எனக்குத் தெரியாதா? கொண்டுபோன குழாய் அத்தனையையும் நிரப்பினேன். அவள் வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த டீயின் ருசியே தனி.

ஜனவரி 19

இன்றும் நானே முதல்.

பிப்ரவரி 3, திங்கள்

லேப். சந்தியா வளர்த்த பாக்டீரியா, ஆன்டிபயாடிக் மருந்து வில்லையைச் சுற்றி ஒழுங்காகச் செத்துக் கிடந்தது. என்னுடையது எந்த மருந்துக்கும் அசையாமல் வில்லையை ஒட்டியே வளர்ந்திருக்கிறது!

"வாணி, இது பெரிய விஷயம்மா. ஒரு காட்டுப் பறவை இதைச் சுமந்துகிட்டு கண்டம் தாண்டுதுன்னா…" என்றார் சார். கோவை எனக்குத்தான்.

சந்தியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "சூப்பர்டி!" உண்மையிலேயே சந்தோஷப்படுகிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கருத்தரங்கில் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமென்று சாயங்காலம் கிழக்குக் கரைக்குப் போனேன். நான் எச்சம் எடுத்த அதே இடத்தில் வலை கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் வாத்துகள். வீட்டு வாத்துகள். மேய்க்கிறவர் பேர் பூமாலை.

"பொங்கல்லேர்ந்து இங்கதாம்மா அடைக்கிறோம். விடியறதுக்குள்ள வலைய சுருட்டிக்கினு, அறுத்த வயலுக்கு ஓட்டிக்கினு போயிடுவோம்."

மருந்து ஏதாவது கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"சீக்கு வராம இருக்க தவுட்டுல கலந்து போடுவோம். கொஞ்சம் ஜாஸ்தியாவே."

அய்யோ. சைபீரியாவும் இல்ல, கண்டமும் இல்ல. வயல்ல மேயற வாத்து, மருந்து தின்னு பழகின பாக்டீரியா. அதத்தான் அள்ளிக்கினு போயிருக்கேன்!

யாருக்குத் தெரியும்? எனக்கும் பூமாலைக்கும். பூமாலை கோவைக்கு வரப்போவதில்லை.

பிப்ரவரி 10

எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13

என் கோவைப் படங்களைச் சந்தியாதான் வரிசைப்படுத்திக் கொடுத்தாள். மடிக்கணினியிலிருந்து தலை நிமிராமலே கேட்டாள்: "பறவையைப் பார்த்த நேரம் அரைமணின்னு போட்டுடறேன். பார்த்திருப்பதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"பாக்கலடி. ஒண்ணுமே பாக்கல. உன்ன முந்தணும்னு போனேன்." பூமாலை சொன்னதையும் சொன்னேன்.

மடிக்கணினியை மூடினாள். "என்னை எழுப்பியிருக்கலாம் இல்ல? சேர்ந்தே போயிருப்போமே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதை, நானே போன் போட்டுச் சொன்னதும், சார் செய்தார், குறைவில்லாமல்.

பிப்ரவரி 17

என் குழாய்களில் 'நீலச்சிறகி'யைக் கிழித்துவிட்டு 'வீட்டு வாத்து' என்று ஒட்டினேன். கோவைக்குச் சந்தியா போகிறாள்.

மார்ச் 2, ஞாயிறு

பயணத்துக்கென்று அம்மா அவளுக்கு முறுக்கு சுடுகிறாள். எரிகிறது. இன்னும் எரிகிறது, இங்கே எதற்குப் பொய்?

காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டியில் அணைக்குப் போனோம். தொலைநோக்கி என்னிடம், குழாய்கள் அவளிடம்.

"எழும்பிடுச்சா?"

"இல்ல. இரு."

கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், பிடரி வரைக்கும் வளைந்து இறங்குகிறது. இத்தனை நாள் இந்தப் பறவையின் எச்சத்துக்குச் சண்டை போட்டிருக்கிறேன், முகத்தை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். கூட்டம் மொத்தமும் நீலச்சிறகிதான். சட்டென்று எழும்பியது.

"இப்ப போடி!"

ஓடினாள். சேற்றில் கால் வழுக்கி, குழாய்களை மட்டும் தூக்கிப் பிடித்தபடி தொபீரென்று விழுந்தாள்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம்தான் போய்க் கைகொடுத்தேன்.