வலது தோளில் முந்தானை

ஜூன் 10, திங்கள்

விடியற்காலையிலேர்ந்து மழை. குடை ஆபீஸ்ல. டெலானிபூர் ஏத்தத்துல செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்திக்கிட்டு நடந்தேன். ஒருத்தர் சிரிச்சார். சிரிக்கட்டும்.

வாங்க: கொசுவத்தி, பால் பவுடர், அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்.

மேகஸின் இன்னிக்கும் வரல. ஜப்பான் கார்ட்டூன், காமிக்ஸ் பைத்தியங்களுக்குன்னு மெயின்லாண்டுல இங்கிலீஷ்ல வர்ற புக். ஏப்ரல் இதழ் இது. அங்க எல்லாரும் படிச்சு, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுருப்பாங்க. எனக்கு இனிமேதான் புதுசு. கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்து, தபாலாபீஸ்ல படுத்து எந்திரிச்சு வரணும் இல்லையா மகாராணி.

நித்யாவுக்கும் தகவல் இல்லையாம். ஜனவரியில லீவுக்கு வந்தப்போ என்னோட பன்னண்டு பக்க காமிக்ஸை அவதான் எடுத்துட்டுப் போனா. குட்வில் எஸ்டேட் ஏரியாப் பொண்ணு, ஆறாங்கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்ச், இப்ப சென்னையில அனிமேஷன் படிக்கிறா. "இங்க நல்ல ஸ்கேனர் எங்கடி இருக்கு? நான் அங்கேர்ந்து அனுப்புறேன்"னா. வாசகர் காமிக்ஸ் பகுதிக்கு. அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம கேக்குறேன். ஒரே பதில்தான். "இன்னும் ஒண்ணும் சொல்லலடி."

ஜூன் 11, செவ்வாய்

வந்துடுச்சு. என் கதை வந்துருக்கு. பேர் நித்யா பேர். இனிமே அவ வெறும் நி.

எழுத்து கோணலா போகுது. பரவால்ல.

பக்கத்தைத் திறந்ததும் எனக்கே புரியல. என் படகுத்துறை. கடைசிப் படகை விட்டுட்டு நிக்கிற பொண்ணு. கூட உக்காந்திருக்கிற பெரிய தேங்காய் நண்டு. எல்லாம் என்னுது, ஆனா எல்லாம் இடம் மாறி இருக்கு. ஜப்பான்காரங்க மாதிரி வலதுலேர்ந்து இடதா படிக்கிறதுக்கு வரைஞ்சேன். அதைக் கண்ணாடியில பாக்குற மாதிரி அப்படியே திருப்பிட்டாங்க. போர்டுல இருக்கிற எழுத்தை மட்டும் சரி பண்ணியிருக்காங்க.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கிட்டே எட்டிப் பாத்தா.

"யாருடி இவ, முந்தானைய வலது தோள்ல போட்டுக்கிட்டு? மார்வாடியா?"

"நீதாம்மா."

"நானா? நான் எப்படி இப்படிக் கட்டுவேன்?" புக்கை மூக்குகிட்ட வச்சுக்கிட்டா. "அடப்பாவி, இது நம்ம குக்கர். கைப்பிடி உடைஞ்சது. அப்ப உம் பேரு எங்க?"

ஏதோ தப்பா அச்சாயிடுச்சும்மான்னேன்.

பக்கத்துலயே பெட்டி கட்டி நி. போட்டோ, பேட்டி. "அப்பா ஆபீஸ்லேர்ந்து கொண்டு வர்ற பழைய ஃபாரங்களோட பின்பக்கத்துலதான் வரையக் கத்துக்கிட்டேன்." எந்த அப்பாடி? உங்கப்பாவுக்கு அபர்தீன் பஜார்ல துணிக்கடை. சட்டைப் பாக்கெட் கிழியிற அளவுக்கு ஃபாரத்தை மடிச்சுத் திணிச்சுக் கொண்டு வந்தது எங்கப்பா. செத்து ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள அவரையும் எடுத்துக்கிட்டாளா?

சாப்பிடல. அம்மா கேட்டா. வயிறு சரியில்லைன்னேன்.

ஜூன் 12, புதன்

மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய் நி.க்கு போன்.

"ஏய் சாரி டீ, நானே சொல்லணும்னு இருந்தேன்."

"எப்ப? அறுபதாம் கல்யாணத்துலயா?"

"கத்தாதடி. நீதானே என் பேரைப் போடாத, வேலை போயிடும்னு ஏர்போர்ட்ல அழுத? 'நண்டு'ன்னு புனைபேர் போடச் சொன்ன. அவங்க ஐடி கேட்டாங்க. நண்டுக்கு நான் எங்க போய் ஐடி வாங்குறது? என்னோடதைக் குடுத்தேன். இல்லன்னா கதை உள்ளயே போயிருக்காது."

அது நிஜம். அழுதேன். அப்பா போனதுக்குக் கருணை அடிப்படையில கிடைச்ச வேலை, இன்னும் புரொபேஷன் முடியல. கவர்மெண்ட் ஸ்டாஃப் வெளியில ஏதாவது எழுதினா, வரைஞ்சா மெமோ வரும்னு யாரோ சொன்னாங்க. யார் சொன்னாங்கன்னு இப்ப யோசிச்சா ஞாபகமே இல்ல. இந்தச் சம்பளம் நின்னா நானும் அம்மாவும் தெருவுல.

"சரி, பேர் போகட்டும். எங்கப்பாவை எதுக்கு எடுத்த?"

"பேட்டியில வாயில வந்துடுச்சுடி. அங்கிள் எனக்கும் அப்பா மாதிரிதானே."

கட் பண்ணிட்டேன். மாதிரியாம் மாதிரி.

இன்னிக்குத் தண்ணி விடுற நாள். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அம்மா கதவைத் தட்டினா: "டாங்க் இன்னும் நிரம்பல. என்னடி பண்ற உள்ள?"

ஜூன் 13, வியாழன்

வெயில். பிஸ்வாஸ் பாபு புரோத்ராபூர்லேர்ந்து புடலங்காய் கொண்டு வந்தார், ஆளுக்கு ரெண்டு. எங்க ஹெட் கிளார்க். நல்ல மூட்ல இருந்தார். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, காமிக்ஸ் வரையிறா, கவர்மெண்ட் வேலை, பர்மிஷன் வாங்கணுமான்னு இழுத்தேன்.

"அரே பேட்டா, தஸ்வீர் பனானே மே கௌன்சா பர்மிஷன்!"

படம் வரையிறதுக்கு என்னம்மா பர்மிஷன்னு இந்தியில சிரிச்சார். கதை, கவிதை, படம், எதுக்கும் வேண்டாமாம். அவரே வருஷா வருஷம் துர்கா பூஜை மலர்ல சொந்தப் பேர்ல நாடகம் எழுதுறாராம். ரூல் புக்கை எடுத்து விரலை வச்சுக் காட்டினார். அந்த ரூல் புக் என் நாற்காலிக்குப் பின்னாடி அலமாரியில இருக்கு. வாரா வாரம் தூசி தட்டுறது நான்தான். ஒருநாள் திறந்து பாத்திருக்கேனா?

முட்டாள். முட்டாள். முட்டாள்.

"பொண்ணு நல்லா வரையுமா?"ன்னு கேட்டார். சுமாரா வரையும் சார்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

நி.யே கூப்பிட்டா. ரூல் விஷயத்தைச் சொன்னேன். "அட! அப்ப இன்னிக்கே அவங்களுக்கு எழுதிடறேன், ரெண்டாம் பாகம் உன் பேர்லயே வரட்டும்"னா. ரெண்டாம் பாகம் கேட்டிருக்காங்களாம்! சந்தோஷப்படக் கூடாதுன்னுதான் இருந்தேன். பட்டுட்டேன்.

என் ஒரிஜினல் பக்கங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அது மேகஸின்காரங்ககிட்ட இருக்காம். வர லேட்டாகுமாம்.

யோசிச்சுப் பாத்தா தப்பு என் பேர்லயும் இருக்கு. பயந்தாங்கொள்ளி நான்தானே. பதினாறு வருஷப் பழக்கம். எனக்குக் காய்ச்சல்னா அவ வீட்டுலேர்ந்துதான் கஞ்சி வரும். சாயங்காலம் மெசேஜ் போட்டேன்: "உன்மேல கோவம் இல்லடி." இதயம் இதயமா அனுப்பினா.

ரெண்டு பக்கம் பென்சில்ல போட்டாச்சு. நண்டு நல்லா வந்துருக்கு.

ஜூன் 18, செவ்வாய்

காத்து, மழை. கடல் மோசம். சென்னைக் கப்பல் ஒரு நாள் லேட்டா நேத்து வந்திருக்கு. அதுல நி.யோட அம்மா சாந்தி அத்தை. மகளோட பதினஞ்சு நாள் இருந்துட்டு வர்றாங்க. இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாங்க. அம்மாவுக்குக் கருவாடு, எனக்கு ஒரு ஃபைல்.

"உன் படமாச்சேம்மா. கட்டிலுக்கு அடியில தூசியில கிடந்துச்சு. அவளுக்கு எங்க பொறுப்பு இருக்கு? கேட்டா 'அப்புறம் அப்புறம்'பா. அதான் அவகிட்ட சொல்லாம நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

ஃபைலைத் திறந்தேன். பன்னண்டு பக்கமும் பத்திரமா இருக்கு. பன்னண்டுலயும் கீழ் மூலை மட்டும் இல்ல. வாசுகின்னு நான் கையெழுத்துப் போடுற மூலை. கிழியல. ஸ்கேல் வச்சு, பிளேடால, எல்லாத்துலயும் ஒரே அளவு.

பேரைப் போடாதன்னுதான் சொன்னேன். வெட்டச் சொல்லல.

அத்தை டீயை ஊதி ஊதிக் குடிச்சாங்க. போறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் இப்படியே ஒண்ணா இருக்கணும்மா"ன்னாங்க.

சரி அத்தைன்னேன்.