மச்சானின் பால்கனிகள்

மார்ச் 4
இன்று பதினொரு பெண்கள் என் ஹோட்டல் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு, கால்கூட நனைக்காமல் அறைக்குத் திரும்பினார்கள். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தவன் நான்தான். நாலு பக்கமும் எட்டடித் தகரம் அடித்து, ஓர் எறும்பு எட்டிப் பார்க்க முடியாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். எறும்பு பார்க்கவில்லைதான். பக்கத்துக் கட்டடத்து ஐந்தாம் மாடியில் ஒருவர் பனியனோடு நின்று, நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

பக்கத்துக் கட்டடம் என் மச்சானின் லாட்ஜ். மனைவியின் அண்ணன். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. காரணம் மறந்துவிட்டது.

மார்ச் 5
அந்தப் பெண்களைக் கூட்டிவந்த பயண ஏற்பாட்டுக்கார அம்மா கறாராகப் பேசினார். தொழுகை விரிப்பு, தொழும் திசை காட்டும் கிப்லா அம்பு, சமையலறை எதிலும் குறையில்லையாம். "ஆனா குளம் இருக்குன்னு சொல்லித்தானே பாய் கூட்டிட்டு வந்தேன்? ஹலால்னா சாப்பாடு மட்டும்னு நினைச்சிட்டீங்களா?"

இருபதாம் தேதிக்குள் சரிசெய்தால் சீசன் முழுக்க வாரம் முப்பது அறை. இல்லாவிட்டால் வேறு ஹோட்டல். துணிக்கடையை விற்ற பணம் மொத்தமும் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. அந்த முப்பது அறை வராவிட்டால் ஐம்பது வயதில் மறுபடி யாரோ ஒருவர் கடையில் துணி விரித்துக் காட்ட வேண்டியதுதான்.

மார்ச் 6
குளத்துக்குக் கூரை போட எஞ்சினியர் ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்குக் கடலையே மூடிவிடலாம்.

மார்ச் 8
மனைவிக்கு ஒரே சிரிப்பு. "தகரம் அடிக்கும்போதே கேட்டேனே, மேல என்ன பண்ணப் போறீங்கன்னு. அல்லாஹ் பார்த்துக்குவான்னீங்க."
சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

மார்ச் 9
மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மச்சானைப் பார்க்கப் போனேன். வரவேற்பில் பதிவேட்டை நீட்டினார்கள். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'உறவு' என்று எழுதினேன். அரை மணி நேரம் உட்காரவைத்தார். உறவு ஆயிற்றே.

பால்கனி விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க ஹோட்டல் பேர் போர்டு என் லாட்ஜ் பேரை மறைக்குதே மாப்ள, அதை மாட்டுறப்ப யார்கிட்ட கேட்டீங்க?"

காரணம் ஞாபகம் வந்துவிட்டது.

மார்ச் 11
காலையில் அவர் லாட்ஜ் வாசலில் நின்று பார்த்தேன். அங்கிருந்து என் பலகையின் முதுகுதான் தெரிகிறது — துருப்பிடித்து, காக்கை எச்சத்தோடு. முன்பக்கத்தில் 'ஹலால்' என்று இரண்டடி எழுத்து, சுற்றிலும் விளக்கு. பக்கத்துக்காரனை மறைத்துக்கொண்டு நிற்கிற ஹலால். முன்னால் பளபளப்பு, பின்னால் துரு. அதை மாட்டியவனும் அப்படித்தானோ? யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவைக்கலாம்.

மார்ச் 13
இன்று மனைவி அண்ணனிடம் பேசப் போனாள். இரண்டு மணி நேரம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "முடிஞ்சுது. நிபந்தனை அண்ணன் போட்டது பாதி, நான் போட்டது பாதி."
அப்போ நான் போட்டது? என்று கேட்டேன்.
"நீங்க போட்டதுதான் அந்த போர்டு. போதாதா?"
இருபத்தைந்து வருடம் பேரம் பேசியே பிழைத்தவன் நான். வீட்டுக்குள் இப்படியொரு வியாபாரி இருப்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 19
மச்சானின் பால்கனிகளைப் பூட்டி இன்று குளத்தில் ஒத்திகை. பத்தேகாலுக்குத் தகரத்துக்கு வெளியே, ஏதோ வேலையாக வந்தவன்போல நின்றேன். தண்ணீர் அடிக்கிற சத்தம். பெண்களின் சிரிப்பு. அதில் ஒன்று என் மனைவியுடையது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை. கதவில் காவலுக்கு இருந்த அக்கா, "முதலாளிக்கு இங்க என்ன வேலை?" என்று விரட்டிவிட்டார். சம்பளம் கொடுப்பது நான்.

மார்ச் 20
கையெழுத்தாயிற்று. பயண அம்மா சீசன் முழுக்க வாரம் முப்பது அறை எடுக்கிறார். மச்சான் தினமும் பத்து முதல் பன்னிரண்டு வரை ஐந்து மாடியிலும் பால்கனிக் கதவுகளைப் பூட்டிவைப்பார். பதிலுக்கு என் பலகை ஆறடி கீழே இறங்கும், செலவு என்னுடையது. அவர் வீட்டுப் பெண்களுக்குக் குளம் இலவசம். குளத்துச் சாவி என் மனைவியிடம்; அந்த இரண்டு மணி நேரம் நான் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் இருவருக்கும் மச்சான் வீட்டில் சாப்பாடு. பதிவேட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை.