காற்றைக் கட்டப் பதினொரு ஜோடி லேஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் வலது கணுக்கால் மட்டும் அந்தக் கணக்கில் வராது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன், அதற்குள் பதறிப்போய் போனைக் கையில் எடுக்காதே. நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் அங்கத்தைய குளிருக்கு ஈடுகொடுத்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூடுபனி இறங்கிய காலைகளில் பொடிசு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள், பனி ஸ்கூலை அழிச்சிடும், உள்ள போனா என்னையும் அழிச்சிடும் என்கிறாள், நீங்கள் சிரித்துச் சிரித்து அதை வீடியோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினீர்கள், அன்றிலிருந்து அவள் காரணமே சொல்லாமல் அழ மட்டும் செய்கிறாள் என்று எழுதியிருந்தாய். அம்மா உடனே, ஒரு நாள் தூக்கிட்டுப் போய் விட்டா தானே பழகிடும் என்றாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பத்து மூன்று வருடமாக ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், மழையும் வெயிலும் பற்றி நான் கேட்காத விளக்கம் இல்லை. இந்த வருடப் பிள்ளைகள் அதிலும் கெட்டிக்காரர்கள். எல்லாரும் குடையை எடுத்துக்கிட்டு வர்றதாலதான் சார் மழை வருது, ஒரு நாள் யாருமே எடுத்துட்டு வராம இருந்து பாருங்க என்கிறான் ஒருவன். மின்னல் என்பது மேலே யாரோ வெல்டிங் செய்வதாம், சொன்னவள் வெல்டர் மகள், பார்க்காதீங்க கண்ணு போயிடும் என்று வகுப்பையே கண்ணை மூடவைத்தாள். இவர்களுக்கு நடுவில்தான் குருவி. ஆளும் குரலும் அத்தனை சிறிசு, அதனால் அந்தப் பெயர். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். போன மாதம் அடித்த புயலன்று கம்பத்தின் உச்சியில் வேலை செய்துகொண்டிருந்தவர் கால் வழுக்கி ஒரு கையால் தொங்கினார், கூட இருந்தவர் ஏறிப் பிடித்ததால் உயிர் பிழைத்தது. தோளில் கட்டுப் போட்டு மூன்று வாரம் வீட்டில் இருந்தார். எப்படிப்பா விழப் போனே என்று குருவி கேட்டதற்கு, காத்து தள்ளிடுச்சும்மா என்று சொல்லியிருக்கிறார்.

அதற்கடுத்த வாரங்களில் எங்கள் வகுப்பில் ஷூ லேஸ்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பிரேயருக்குப் போய்வந்தால் ஒருவனுக்கு இல்லை, சாப்பிட்டுவந்தால் இன்னொருத்திக்கு இல்லை. பிள்ளைகள் வாத்து மாதிரி காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். பதினோராவது ஜோடி போன அன்று விளையாட்டு வாத்தியார் வந்து ஸ்கிப்பிங் கயிறுகளையும் காணோம், உங்க வகுப்புலதான் திருட்டு நடக்குது என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அன்று மதிய இடைவேளையில் காற்று கொஞ்சம் வேகமாக வீசிக்கொண்டிருந்தது, மைதானத்துப் பெரிய மரத்தடியில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் தாழ்ந்த கிளைகளில் எல்லாம் லேஸ், கொம்போடு கொம்பைச் சேர்த்து முடிச்சுக்கு மேல் முடிச்சு. மேலே, நம் வீட்டு மாடி உயரத்தில், குருவி ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கத் தெரியவில்லை, இறங்கவும் மனசில்லை.

வாட்ச்மேனின் ஏணியைச் சாத்தி நான் ஏறினேன். இந்த வயதில் எதற்கு என்று நீ கேட்பாய், அம்மா கேட்டாகிவிட்டது. வாட்ச்மேனுக்கு என்னைவிட நாலு வயது கூட, விளையாட்டு வாத்தியார் போனில் தீயணைப்பு நிலையத்தைத் தேடிக்கொண்டிருந்தார், அவள் ஒரு கையை விட்டு அடுத்த கொம்பை எட்டப் பார்ப்பது கீழே இருந்தே தெரிந்தது. ஏறி அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவளோ, சார் அந்தக் கொம்பு மட்டும்தான் பாக்கி, அதைக் கட்டிக் குடுங்க, அப்புறம் வர்றேன் என்றாள். எதுக்கும்மா கட்டணும் என்றேன். மரம் ஆடுறதாலதானே சார் காத்து வருது, திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போறாங்க, அதுக்குள்ள கட்டிடணும் என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். விசிறியை ஆட்டினா காத்து வருதில்ல, மரம் எவ்வளவு பெரிசு என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். பாப்பா, அந்த ஆறு வயதுப் பிள்ளையின் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அவள் கையில் இருந்த ஸ்கிப்பிங் கயிற்றால் அந்தக் கொம்பையும் கட்டிவிட்டு அவளை இறக்கினேன். அவள் பத்திரமாக இறங்கினாள், நான் கடைசி இரண்டு படியை மொத்தமாக இறங்கினேன். கணுக்கால் கதை அதுதான். எலும்பு ஒன்றும் முறியவில்லை, சுளுக்கு.

மறுநாள் காற்று இன்னும் பலமாக அடித்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டிய கிளைகளெல்லாம் சேர்ந்து ஆடுவதையே பார்த்தாள். முடிச்சு பத்தலை சார் என்று தேம்பித் தேம்பி அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தக் கடைசிக் கொம்பைக் கட்டிக் கொடுத்து நானும் அவளுக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். இனி இதை அரைகுறையாக விடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு பூந்தொட்டியை மேசைமேல் வைத்தேன். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, யாரும் தொடாமல் பார்க்கச் சொன்னேன். இலை அசையவில்லை. அப்புறம் விசிறியைப் போட்டேன், இலை ஆடியது. செடிக்குக் குளிருது சார் என்றான் குடைக்காரன். குருவி மட்டும் எழுந்துவந்து விசிறியை நிறுத்தச் சொல்லி, போடச் சொல்லி, மறுபடி நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். காத்துதான் மரத்தை ஆட்டுதா சார் என்றாள். ஆமாம் என்றேன். அப்ப காத்தை எதுல சார் கட்டுறது என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தப்பான நம்பிக்கையை எடுத்துவிட்டேன், அதை வைத்துத்தான் அவள் தன் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே அவளை மின்வாரிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். திங்கட்கிழமை வேலையில் சேருவதற்குக் கையெழுத்துப் போட அவள் அப்பா அங்கே வந்திருந்தார். வாத்தியாரே தேடி வந்ததும், மகள் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று பயந்து எழுந்து நின்றார். லேஸ் கதையைச் சொன்னேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உங்களை உண்மையில் எது பிடித்துவைத்திருக்கிறது என்று அவளுக்குக் காட்டுங்கள் என்றேன். கம்பத்தில் ஏறும்போது இடுப்பில் கட்டுகிற பெல்ட்டை எடுத்துவந்தார், அதில் இரண்டு கொக்கி, ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றக் கூடாது என்று காட்டினார். முற்றத்தில் பழகுவதற்காக நட்டிருந்த கம்பத்தில் ஆளுயரம் ஏறி இரண்டையும் மாட்டி, கையை விட்டுப் பின்னால் சாய்ந்தார். குருவி காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அவர் விழவில்லை. பிறகு கேட்டாள், மாட்டியிருக்கான்னு யாருப்பா பாப்பாங்க. நான்தாம்மா என்றார். நீ மறந்துட்டா?

பக்கத்தில் நின்ற மேஸ்திரி தரையைப் பார்த்தார். அவள் அப்பா கீழே இறங்கிவந்து மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அன்னிக்கு அவசரத்துல மாட்டலைம்மா, காத்து மேல தப்பில்ல என்றார். அதுவரை அதை அவர் வீட்டிலும் சொல்லவில்லை, ஆபீசில் எழுதிக் கொடுத்ததிலும் சொல்லவில்லை. குருவி அழுவாள் என்று நினைத்தேன். இனிமே நான் பாக்குறேன் என்றாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில், டிவியில் வானிலை வாசிக்கிற அம்மாதான் மழையை அனுப்புகிறாள் என்று நம்பி, கணக்குப் பரீட்சையன்று பலமாக அனுப்பும்படி நீ ஒரு விண்ணப்பம் எழுதினாய், பணிவுடன் என்று போட்டு. நான் அதை ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினேன், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உனக்கு அந்தப் பரீட்சை எவ்வளவு பயம் என்று அந்தக் காகிதத்தில் இருந்தது, நான் அதைப் படிக்கவே இல்லை. அதற்குப் பிறகு நீ எழுதிய எதையும் எனக்குக் காட்டவில்லை. தப்பு என்னுடையதுதான், இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன். அதனால் நீ பொடிசை இழுத்துக்கொண்டு போகாதே, பனி அழிக்காது என்று பாடமும் எடுக்காதே. முதலில் அழிஞ்சுபோனா என்னம்மா ஆகும் என்று கேள். பள்ளியில் யாரையோ பற்றி, எதையோ பற்றி அவளுக்குப் பயம் இருக்கும். அது தெரிந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் பத்தடி நட, திரும்பி வீடு அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், மறுபடி பத்தடி. நாலு நாள் வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை.

இங்கே திங்கட்கிழமை முதல் குருவி தினமும் காலையில் இரண்டு கொக்கியையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் அவள் அப்பா படியிறங்குகிறார். மேஸ்திரியும் இப்போது ஒருவர் பெல்ட்டை இன்னொருவர் இழுத்துப் பார்க்காமல் யாரையும் கம்பத்தில் ஏறவிடுவதில்லையாம். லேஸ்களை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். நேற்று மத்தியானம் ஜன்னல் கதவு படபடவென்று அடிக்கிற அளவுக்குக் காற்று, நான் அவளைத்தான் பார்த்தேன். ஒரு தடவை தலையைத் தூக்கினாள், பக்கத்தில் இருந்தவளிடம் பச்சைக் கிரேயானை வாங்கிக்கொண்டு படம் வரையக் குனிந்துவிட்டாள்.

நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவருடைய ஆசியும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பொடிசின் பாத அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்ப மறந்துவிடாதே, அம்மா காலுறை பின்ன ஆரம்பித்து, குத்துமதிப்பாக ஒன்றை முடித்தேவிட்டாள், அது எனக்குத்தான் சரியாக இருக்கிறது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா