நீல சோபா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? நம் மரச்சாமான் கடையின் நான்கு வருடக் கணக்கையும் ஏ.ஐ.யிடம் கொடுத்து, வருமானம் தராமல் கிடப்பது எது என்று கேட்டேன். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் நீல சோபா என்றது. ஒருவரும் வாங்கவில்லையாம். தள்ளுபடியில் தள்ளிவிடச் சொல்கிறது.

வேலையை விட்டுவிட்டு ஆலோசகரானதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன்னைத் தவிர வாடிக்கையாளர் யாரும் இன்னும் அமையவில்லை. மாதக் கட்டணம் வந்து சேர்ந்தது. நன்றி.

அன்புத் தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

சோபாவை யாரும் வாங்காததற்குக் காரணம், அதன்மேல் உன் அத்தான் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு உலகம் என்பது அந்தக் கண்ணாடியும் வெளியே தெரியும் தெருவும்தான். போகிறவர்களைக் கையாட்டிக் கூப்பிடுகிறார். சிலர் மரியாதைக்கு உள்ளே வந்து, பாவம், கட்டிலோடு திரும்புகிறார்கள். இதையும் உன் ஏ.ஐ.யிடம் சொல்.

தூங்கு.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லப் பார்த்தேன். அத்தானைப் பதிவு செய்ய அதில் கட்டம் இல்லை. தப்பாக நினைக்காதே, அதற்கு யார்மேலும் கோபம் கிடையாது. அதற்கு அத்தானைத் தெரியாது, சோபாவை மட்டும்தான் தெரியும்.

உன் இணையக் கடையின் விலைகளையும் அதன் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன். இனி நீ எதற்கும் அலைய வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

போன வாரம் இரண்டு பேர் வண்டியோடு வந்து, இணையக் கடையில் பாதி விலைக்கு சோபா வாங்கிய ரசீதைக் காட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். "அதுக்கென்னப்பா, எடுத்துக்கோங்க. கால் ஒண்ணு ஆடும், பாத்துப் பிடிங்க" என்றார். அன்று மாடிக்குப் போனவர் கீழே இறங்கவில்லை. சாப்பாடு கொண்டுபோனால், "தெரு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார்.

கடையில் வேலை செய்யும் பெண் போனில் அதே ஏ.ஐ.யை வைத்திருக்கிறாள். இலவசமாம். நம் கணக்கைக் காட்டி, நீ கேட்ட கேள்வியையே கேட்டேன். ஆலோசகர் கட்டணம் என்றது. தப்பாக நினைக்காதே, அதற்கு யார்மேலும் கோபம் கிடையாது. அதற்கு என் தம்பியைத் தெரியாது, கட்டணத்தை மட்டும்தான் தெரியும்.

உன் கட்டணத்தை இந்த மாதத்திலிருந்து நிறுத்திவிட்டேன். சோபாவைத் திருப்பித் தர வாங்கியவர் கேட்ட கூடுதல் தொகைக்கு அது சரியாகப் போயிற்று. கடையைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டியதில்லை. நன்றாகத் தூங்கு.

இன்னும் சற்று நேரத்தில் சோபாவோடு வண்டி வந்துவிடும். அத்தான் சவரம் செய்துகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்