மூடியின் மேல் வைத்த குங்குமம்

மச்சான்,

நம் ரப்பர் தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்துத் தள்ளி வீட்டுமனை போட்டார்களே, நோய்க்குப் பயந்து நாடே கதவடைத்துக்கொண்டதற்கு முந்தைய வருஷம், அந்த வருஷத்து ஆயுத பூஜை இன்று நினைவுக்கு வந்தது. ஈப்போ சிலிபினில் ஒரு பட்டறைக்காரன் ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். வாசனை மூக்கில் ஏறியதும் வீட்டுக்கு வந்து மருமகளை உட்காரவைத்துவிட்டேன். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

ஒரே லயத்தில் பிறந்தோம். நீ படித்து ஈப்போவில் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாய். நான் அங்கேயே குளிரூட்டும் ஹீலியம் நிரப்பிய உலோகப் பீப்பாய்களை, நம் பேச்சில் தோம்புகளை, இறக்கி உருட்டும் ஆளாக இருந்தேன். அரிசி மணி அளவு படிகம் ஒன்றை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாய். பிஸ்மத்தும் ஆண்டிமனியும் கலந்தது. "முழு உலோகம் இல்லடா, பாதி உலோகம்" என்பாய். கடுங்குளிரில் வைத்து, ஒரு முனையில் கொஞ்சம் சூடு கொடுத்து, மறுமுனைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளப்பாய். காந்தத்தைக் குறுக்கே வைத்தால் சூடு தயங்குமாம். சூடு போகிற திசையிலேயே வைத்தால், இந்தப் படிகத்தில் முன்னைவிட அதிகம் ஓடுமாம்.

"உள்ள எலெக்ட்ரான்ல எடது கை, வலது கைன்னு ரெண்டு கூட்டம் இருக்கு மச்சான். காந்தம் ஒரு கூட்டத்த இன்னொன்னுக்குத் தள்ளிவிடும். அதுங்க சூட்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போகும்."

எனக்கு விளங்கியது, காந்தம் வைத்ததும் திரையில் கோடு ஏறணும் என்பது மட்டும். ஏறியது. அதைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் உன் வேலை நிலைக்கும், இல்லையென்றால் ஒப்பந்தம் அதோடு முடியும்.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள்தான் ஆயுத பூஜை. படிகத்தை வைத்து அளக்கும் குளிர்கலத்தின் மூடியில், வெளிப்பக்கம், ஒரு குங்குமப் பொட்டு வைத்தாய். "எங்கப்பா ரப்பர் காயப்போடுற பொகைவீட்டுக் கதவுக்கு வைப்பாருடா" என்றாய். துடைக்க மறந்துவிட்டாய்.

மறுநாள் ஆய்வுக்கூடத் தலைவர் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. சிலிபினில் பங்களா வீட்டில் வளர்ந்தவர், அவரும் தமிழர்தான். வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், சிரித்தார்கள். பிறகு உன்னிடம் தமிழில், "ஒன் படிகத்துல சூட்ட சாமிதான் கடத்துது லா. தோட்டத்துப் புத்தி லயத்தோட இடிஞ்சு போகலையா?"

"அது மூடிக்கு வெளியில இருக்கு சார். படிகம் உள்ள, காத்தே இல்லாத எடத்துல இருக்கு. மறுபடி அளந்து காட்டுறேன்."

"ஹீலியம் என்ன ஒங்கப்பன் பால்மரத்துல வடியுதா?"

இதற்குச் சிரித்தவர்கள் தமிழ் தெரிந்த நம் ஆட்கள். வந்தவர்கள் ஒப்புக்கொள்ளாமலே போனார்கள், உன் ஒப்பந்தம் முடிந்தது. சிறுநீரகம் கெட்டு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய்.

அப்புறம் ஒரு நாள் அதே படிகத்தை அவரே எடுத்து அளந்தார். கருவி பார்க்கும் செல்வம் பக்கத்தில் இருந்தான். தோம்பை உருட்டிக்கொண்டு போன நான் அங்கேயே நின்றேன்.

"சார், ஏறுது. அண்ணன் சொன்ன மாதிரியே ஏறுது."

"அழிச்சிரு."

"தோம்புக்காரரு நிக்கிறாரு சார்."

"அவனுக்குக் கையெழுத்தே கட்டைவிரல்தான் லா. அவன் சொல்லி எவன் கேப்பான்?"

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து உன் காதருகில் சொன்னேன், "மச்சான், ஏறிச்சு."

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். "ஏறுற கோடு எது, எறங்குற கோடு எதுன்னு ஒனக்குத் தெரியுமாடா? ஆறுதல் சொல்ல வந்துட்டான்."

"செல்வம் சொன்னான்டா."

"அப்போ செல்வத்த வரச்சொல்லு."

செல்வம் வரவில்லை. அவனுக்கும் ஒப்பந்த வேலைதான். மறுவாரம் உன் பாடையைத் தூக்கினோம். தலைவர் மாலை அனுப்பியிருந்தார்.

தலைவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. நான் சொன்னேன், நீயே கேட்கவில்லை. இத்தனை வருஷமாக என்னோடு இருப்பது உன் சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிய அந்த முதுகுதான்.

செல்வத்தை அடுத்த வருஷமே, நாட்டைக் கதவடைக்க வைத்த அந்த நோய் கொண்டுபோயிற்று. போன மாதம் தலைவரும் போனார். எவ்வளவு நேர்மையானவர் என்று சாவு வீட்டில் வரிசையாகப் பேசினார்கள், நானும் நின்று கேட்டேன். அந்த அறையில் ஏறியதை அறிந்தவர்களில் உயிரோடு மிச்சமிருப்பது நான் ஒருவன்தான், தோம்புக்காரன் மாரிமுத்து.