எழும்போது மூடாத கணினி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு முதுகுவலி குறைந்ததா? நீ அனுப்பிய சால்வையை அம்மா வெயிலிலும் போர்த்திக்கொண்டு அலைகிறாள். கேட்டால், 'உனக்கென்னடி போச்சு' என்கிறாள்.

எங்கள் நூலகத்தில் பொதுக் கணினிகளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அளக்க ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள் அல்லவா? 'நம்ம வீட்டு முதல் பட்டதாரி, சும்மாவா' என்று நீகூடக் கேலி செய்தாய். ஒரு மென்பொருள் பெயரும் அட்டை எண்ணும் கேட்டது. இன்னொன்று திரையையே படம் பிடித்தது. வேலைக்கு மனுப்போடுபவர்களும் மருத்துவ முடிவு பார்ப்பவர்களும் பயந்து வராமல் போவார்களே என்று, யார் என்று கேட்காமல் திறப்பதையும் மூடுவதையும் மட்டும் எண்ணும் மூன்றாவதைச் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் எழும்போது மூடுவதில்லை, அக்கா. அடுத்தவர் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்று திறந்தபடி விட்டு, நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தினமும் பார்ப்பதுதான், தேர்ந்தெடுக்கும்போது எனக்கு உறைக்கவில்லை. நாள் முழுக்க வரிசை நின்றாலும் மென்பொருளுக்கு அது ஒரே ஆள்.

மூடச் சொல்லி எழுதி ஒட்டினேன். தையற்காரர் ஒருவர், 'பின்னால நிக்கிறவங்க முகத்துல கதவைச் சாத்தச் சொல்றியேம்மா' என்று வருத்தப்பட்டார். அதற்குள் அளவெடுப்பும் முடிந்துவிட்டது. இங்கே ஆளே வருவதில்லையாம், மாதக் கடைசியில் கணினிகளை எடுத்துவிட வேண்டுமாம். மேலதிகாரியிடம் எனக்குப் பேச வந்த அளவுக்கு விளக்கினேன். 'நீ தேர்ந்தெடுத்ததுதானேம்மா' என்றார்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சனிக்கிழமை என்றால் காலையிலேயே தலைவாரிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். யாரோ திறந்துவிட்ட கணினியில்தான் வீடியோ அழைப்பில் உன்னைப் பார்க்கிறாள். கணக்கில் அவளும் இல்லை. காது போனதிலிருந்து உன் உதட்டசைவுதானே அவளுக்கு உன் குரல்? போன தடவை நீ என் போனில் கூப்பிட்டபோது அதைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு, 'வாய் எறும்பு மாதிரி இருக்கு, என்னடி சொல்றா?' என்றாள். நான் சொல்லச் சொல்ல, உன்னை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு கணினி வாங்க இப்போது வழியில்லை, உனக்கே தெரியும்.

மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது. என்ன வேலை இருந்தாலும் திரைக்கு வந்துவிடு. மெதுவாகப் பேசு, நிறையப் பேசு. இதைப் பற்றி மட்டும் என்னிடம் முணுமுணுக்கக்கூடச் செய்யாதே, படித்துவிடுவாள். அழாமல் இரு, அக்கா. உதடு நடுங்கினால் அம்மாவுக்குப் புரியாது.

உன்
ஊமைக்கோட்டான்